45,000 ஆண்டுப் பழைய சாப்பாட்டு மிச்சம்



தினமும் காலையில் நம் பிளாக்குகளுக்குக் குப்பை எடுக்க வருபவர்களுக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாத விஷயங்கள் கூடத் தெரியும். எந்த வீட்டில் ஞாயிறு தவறாமல் மட்டன், எந்த வீட்டில் புரட்டாசி முழுக்க சைவம், யார் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார், யார் அடுப்பே பற்றவைக்காமல் ஆர்டர் போட்டுச் சாப்பிடுகிறார் என்று கூடையைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். "நாங்கள் வாரம் முழுக்கக் கீரைதான் சாப்பிடுகிறோம்" என்று டாக்டரிடம் சொல்லலாம். குப்பைக்கூடையிடம் சொல்ல முடியாது.

தொல்லியலாளர்கள் செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். என்ன, அவர்கள் கிளறும் குப்பை பல ஆயிரம் ஆண்டுகள் பழையது.

கொஞ்சம் கணக்குப் பாருங்கள். எழுத்து தோன்றி ஏறத்தாழ 5,000 ஆண்டுகள் ஆகின்றன. விவசாயம் தொடங்கி 10,000 முதல் 12,000 ஆண்டுகள் இருக்கலாம். நம் மனித இனம் தோன்றியதோ சுமார் 3 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. ஆக, நம் வரலாற்றின் மிகப் பெரும் பகுதியை நாம் வேட்டையாடியும், கிழங்கு தோண்டியும், காய் கனி பொறுக்கியும்தான் கழித்திருக்கிறோம். அந்த நீண்ட காலத்தைப் பற்றி யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை. நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டே பொருள்கள்: கல்லும் எலும்பும். கல், அவர்கள் கையில் என்ன இருந்தது என்று சொல்கிறது. எலும்பு, வயிற்றுக்குள் என்ன போனது என்று சொல்கிறது.

அந்த எலும்பை எப்படிப் படிக்கிறார்கள், அது எதையெல்லாம் மாற்றியிருக்கிறது என்பதை நமக்கு மிக அருகில் உள்ள ஓர் இடத்தை வைத்துப் பார்ப்போம்.

காடு சோறு போடாது என்ற நினைப்பு

ஆதிமனிதன் என்றதும் உங்கள் மனதில் என்ன படம் வருகிறது? பரந்த புல்வெளி, ஈட்டியோடு நாலைந்து ஆண்கள், எதிரே ஒரு மாபெரும் யானை அல்லது காட்டெருமை. பள்ளிப் புத்தகங்களிலும் திரைப்படங்களிலும் நாம் பார்த்து வளர்ந்த படம் அது.

அறிஞர்களிடமும் நெடுங்காலம் இதே போன்ற ஒரு படம்தான் இருந்தது. பெரிய விலங்குகள் மந்தையாகத் திரியும் திறந்த வெளிகளும், மீனும் சிப்பியும் கிடைக்கும் கடற்கரைகளும்தான் மனிதனை வளர்த்தன என்று நம்பினார்கள். அடர்ந்த மழைக்காடு அவனுக்குப் பெரிய தடை என்றார்கள். காரணமும் சொன்னார்கள். மழைக்காட்டில் மரம் நிறைய இருக்கும், ஆனால் மாவுச்சத்துள்ள உணவு குறைவு. விலங்குகள் சிறியவை, வேகமானவை, பாதிக்கு மேல் மர உச்சியில் வாழ்பவை. கொழுப்பு நிறைந்த இறைச்சி கிடைப்பது அரிது. பார்வைக்குப் பசுமையாகத் தெரியும் அந்தக் காட்டைப் 'பச்சைப் பாலைவனம்' என்றே சிலர் குறிப்பிட்டார்கள். அக்கம்பக்கத்தில் விவசாயிகள் இருந்து, அவர்களிடம் பண்டமாற்று செய்துகொள்ளாமல், வேட்டையாடி உண்பவர்கள் மழைக்காட்டில் மட்டும் தனித்து வாழவே முடியாது என்று 1980களில் மானிடவியலாளர்கள் சிலர் வாதிட்டார்கள்.

இந்த வாதத்துக்குப் பதில், இலங்கையின் தென்மேற்கில் ஒரு குகையின் தரைக்கு அடியில் கிடந்தது.

பாகியன்கல குகை

களுத்துறை மாவட்டத்தில், புளத்சிங்கள ஊருக்கு அருகே மழைக்காட்டுப் பகுதியில் இருக்கிறது பாகியன் குகை. சிங்களத்தில் 'பாஹியன் லென'. ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்த சீனத் துறவி பாஹியான் இங்கே தங்கியதாக ஒரு நம்பிக்கை உண்டு. அதனால் வந்த பெயர்.

1968இல் தொல்லியலாளர் ஷிரான் தெரணியகல இங்கே அகழாய்வு செய்தார். 1980களில் மீண்டும் தோண்டினார்கள். பிறகு ஓஷான் வெடகே தலைமையில் நடந்த அகழாய்வில் கிடைத்த எலும்புகளை, இலங்கை ஆய்வாளர்களும் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தாரும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். முடிவு 2019 பிப்ரவரியில் வெளிவந்தது.

குகையின் அடி அடுக்குகள் ஏறத்தாழ 48,000 முதல் 45,000 ஆண்டுகள் பழையவை. அந்தக் காலத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தது. இன்று பாக் நீரிணை இருக்கும் இடம் நிலமாக இருந்தது. தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்கு நடந்தே போகலாம். எனவே அந்தக் குகையில் தங்கியவர்களின் முன்னோர்கள் நம் ஊர்ப் பக்கமாக நடந்து போனவர்களாக இருந்திருக்கலாம் என்று நினைப்பதில் தவறில்லை.

அங்கே கிடைத்தவை ஏறத்தாழ 15,000 எலும்பு, பல் துண்டுகள். பெரும்பாலானவை உங்கள் விரல் நீளம்கூட இல்லாதவை. அவற்றில் இன்ன விலங்கு என்று அடையாளம் காண முடிந்தவற்றில் சுமார் 70 சதவீதம், குரங்கும் பெரிய மர அணிலும் போன்ற சிறு விலங்குகள். மானும் பன்றியும் 4 சதவீதத்துக்கும் குறைவு.

யானையும் இல்லை, மந்தையும் இல்லை. இவர்களின் தட்டில் இருந்தது மர உச்சியில் தாவும் மந்தியும் அணிலும்.

யார் தின்ற எலும்பு?

இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம். குகையில் எலும்பு கிடந்தால் மனிதன்தான் தின்றான் என்று எப்படிச் சொல்வது? சிறுத்தை இழுத்து வந்து தின்றிருக்கலாமே? ஆந்தை துப்பியிருக்கலாமே?

நியாயமான கேள்விதான். இதில் தடுக்கி விழுந்த வரலாறும் உண்டு. தென்னாப்பிரிக்கக் குகைகளில் ஆதி மனிதக் குரங்கினங்களின் எலும்புகளோடு ஏராளமான விலங்கு எலும்புகள் கிடைத்தபோது, ரேமண்ட் டார்ட் என்ற அறிஞர், இவையெல்லாம் நம் முன்னோர் கொன்று குவித்தவை, எலும்புகளையே ஆயுதமாக வைத்திருந்தார்கள் என்று முடிவுகட்டினார். மனிதன் பிறவியிலேயே கொலைகாரன் என்ற எண்ணம் அதிலிருந்து உலகெங்கும் பரவியது.

பாப் பிரெய்ன் என்ற ஆய்வாளர் அந்த முடிவை ஏற்கவில்லை. நமீபியாவில் குய்செப் ஆற்றோரக் கிராமங்களுக்குப் போனார். அங்கே மக்கள் ஆட்டுக்கறி சாப்பிட்டுவிட்டு எறிந்த எலும்புகளையெல்லாம் பொறுக்கி எடுத்தார். மனிதர் கடித்து, நாய் கடித்து, வெயிலில் காய்ந்த பிறகு எந்த எலும்பு மிஞ்சுகிறது, எது காணாமல் போகிறது என்று எண்ணினார். கெட்டியான கீழ்த்தாடை, மூட்டின் உறுதியான முனை போன்றவை தப்பிக்கின்றன. மென்மையான எலும்புகள் மறைந்துவிடுகின்றன. டார்ட் 'ஆயுதத்துக்காகத் தேர்ந்தெடுத்தவை' என்று சொன்ன எலும்புகள், வெறுமனே கெட்டியாக இருந்ததால் மிஞ்சியவை என்று தெரிந்தது.

இன்னொன்றும் செய்தார். ஸ்வார்ட்கிரான்ஸ் குகையில் கிடைத்த ஒரு ஆதி மண்டையோட்டில் இரண்டு துளைகள் இருந்தன. சிறுத்தையின் கீழ்த்தாடைக் கோரைப் பற்களை வைத்துப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தின. வேட்டைக்காரன் என்று நினைக்கப்பட்டவன், உண்மையில் வேட்டையாடப்பட்டவன்.

அதன் பிறகு எந்த எலும்புக் குவியலைப் பார்த்தாலும், முதலில் கேட்கும் கேள்வி 'தின்றது யார்' என்பதுதான். அதற்கு எலும்பின் மேலேயே கையெழுத்து இருக்கிறது.

கல் கத்தியால் தசையை அறுக்கும்போது எலும்பில் மெல்லிய, கூர்மையான கீறல் விழும். விலங்கின் பல் பட்டால் குழியும், அகலமான வாய்க்கால் போன்ற தடமும் விழும். முள்ளம்பன்றி கொறித்தால் வரிவரியாகப் பக்கத்தில் பக்கத்தில் கோடுகள். நல்லி எலும்பை உறிஞ்சத் தெரிந்த எவருக்கும் அடுத்த விஷயம் சட்டென்று புரியும்: பச்சையாக இருக்கும்போது உடைத்த எலும்பு சுருள் சுருளாகப் பிளக்கும், காய்ந்த பிறகு உடைந்தது வெட்டுக்கட்டையாக நேராக உடையும். முதல் வகை அதிகமாக இருந்தால், மஜ்ஜைக்காக யாரோ உடைத்திருக்கிறார்கள் என்று பொருள். நெருப்பும் தடம் வைக்கும். குறைந்த சூட்டில் எலும்பு கறுக்கும். அதிகச் சூட்டில் சாம்பல் நிறமாகி, கடைசியில் சுண்ணாம்பு போல வெளுத்துவிடும்.

பாகியன்கல எலும்புகளில் வெட்டுத் தடங்கள் இருந்தன. தீயில் பட்டவை நிறைய இருந்தன. ஊன் உண்ணும் விலங்குகள் கடித்த தடம் மிகக் குறைவு. ஆக, இது மனிதர் சமைத்துச் சாப்பிட்ட மிச்சம்தான்.

ஒரு கோழிக்கு ஓர் இடது தொடை

அடுத்தது எண்ணுவது. இது பார்ப்பதற்கு எளிது, ஆனால் ஏமாற்றும்.

உங்கள் வீட்டுக் குப்பையில் இருபது கோழி எலும்புத் துண்டுகள் கிடந்தால் எத்தனை கோழி? ஒரே கோழியாகவும் இருக்கலாம். ஆனால் இருபதில் மூன்று இடது தொடை எலும்பாக இருந்தால், குறைந்தது மூன்று கோழி என்று உறுதியாகச் சொல்லலாம். ஒரு கோழிக்கு இடது தொடை ஒன்றுதான். ஆய்வாளர்கள் துண்டுகளின் எண்ணிக்கையையும், இப்படிக் கணக்கிட்ட குறைந்தபட்ச விலங்குகளின் எண்ணிக்கையையும் தனித்தனியே எழுதி வைப்பார்கள்.

எந்தப் பாகம் கிடைக்கிறது என்பதும் முக்கியம். நம் குப்பைத் தொட்டிகளில் ஆட்டின் கொம்போ குளம்போ கிடைப்பது அபூர்வம். அது கறிக்கடையிலேயே தங்கிவிடுகிறது. அதே போல, பெரிய மானைக் கொன்ற வேட்டைக்காரர்கள் அதை அங்கேயே துண்டுபோட்டு, தலையையும் கனமான எலும்பையும் காட்டிலேயே விட்டுவிட்டு வரலாம். அணிலும் குரங்கும் முழுதாகத் தோளில் ஏறி வீடு வந்துவிடும். எனவே குகையில் மான் எலும்பு குறைவாக இருப்பதை வைத்து, மான் இறைச்சியே குறைவு என்று அதே விகிதத்தில் சொல்லிவிட முடியாது. தவிர, ஒரு கடமானின் எடையில் பல டஜன் குரங்குகள் அடங்கும். எண்ணிக்கை வேறு, எடை வேறு.

இத்தனை கழிவு போட்ட பிறகும் ஒரு விஷயம் அசையாமல் நிற்கிறது. இவ்வளவு குரங்கும் அணிலும் தற்செயலாகச் சிக்கியவை என்று சொல்ல வழியில்லை. வேறு எதுவும் கிடைக்காத நாளில் பிடித்தவை என்றும் சொல்ல முடியாது. அவற்றைத் தேடிப் போயிருக்கிறார்கள். அதற்கென்றே ஒரு தொழில்நுட்பமும் வைத்திருந்தார்கள்.

மர உச்சியில் இருப்பதை எப்படிப் பிடிப்பது?

மாடியில் காயவைத்த வடாமைத் தூக்கிக்கொண்டு ஓடும் குரங்கைத் துரத்திப் பார்த்தவர்களுக்கு அந்த வேலையின் கஷ்டம் தெரியும். எண்பது, நூறு அடி உயர மரத்தில், கிளைகளுக்கு நடுவே, ஆள் அரவம் கேட்டதும் மறையும் விலங்கு. கையால் எறியும் கனத்த ஈட்டி அங்கே உதவாது.

பதில், அதே எலும்புக் குவியலுக்குள்ளேயே இருந்தது. மிஷெல் லாங்லி என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2020இல் வெளியிட்ட ஆய்வில், இந்தக் குகையிலிருந்து கிடைத்த 130 எலும்பு முனைகளைப் பற்றி எழுதினார்கள். சிறிய, மெல்லிய, கூராகத் தீட்டிய முனைகள். நுண்ணோக்கியில் பார்த்தால், வேகமாக மோதியதால் நுனி உடைந்த தடங்கள். குச்சியோடு சேர்த்துக் கட்டுவதற்கான வெட்டுக் குறிகளும் சிலவற்றில் இருந்தன. ஈட்டிக்கு இவை மிகச் சிறியவை. அம்புக்குப் பொருத்தமானவை. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வில்லும் அம்பும் இருந்ததற்கு இதுவரை கிடைத்த மிகப் பழைய சான்றுகளில் இது ஒன்று என்று அவர்கள் முடிவு செய்தார்கள்.

இதில் சுவையான ஒரு செய்தி: இந்த எலும்புக் கருவிகளில் பல, குரங்கின் எலும்பிலேயே செய்தவை. நேற்றைய குரங்கின் எலும்பு, நாளைய குரங்குக்கான அம்பு. தோல் பதப்படுத்தவும் நார் வேலைக்கும் பயன்பட்டிருக்கக்கூடிய எலும்புக் கருவிகளும் அங்கே கிடைத்தன. கறியைத் தின்று எலும்பை எறியும் நமக்கு, அவர்கள் எதையும் வீணாக்கவில்லை என்பது கொஞ்சம் உறைக்கத்தான் செய்கிறது.

எந்த மாதம் என்று பல் சொல்லும்

எலும்பு, உணவை மட்டும் சொல்வதில்லை. மாதத்தையும் சொல்லும். இதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் இங்கிலாந்தில் இருக்கிறது. ஒரு நிமிடம் அங்கே போய் வருவோம்.

யார்க்‌ஷயரில் ஸ்டார் கார் என்ற இடம். சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்பு அது ஓர் ஏரிக்கரை. 1949 முதல் 1951 வரை கிரஹாம் கிளார்க் அங்கே தோண்டினார். செம்மான், ரோ மான், எல்க், காட்டு மாடு, காட்டுப் பன்றி என்று ஈரச் சதுப்பில் எலும்புகள் அழகாகப் பாதுகாக்கப்பட்டிருந்தன. செம்மானின் கொம்பு வசந்த காலத்தில் உதிரும். ஸ்டார் காரில் கிடைத்த பல கொம்புகள் மண்டையோட்டோடு ஒட்டியிருந்தன. எனவே அவை கொம்பு உதிர்வதற்கு முன் கொல்லப்பட்டவை, ஆகவே மக்கள் அங்கே குளிர்காலத்தில் தங்கினார்கள் என்று கிளார்க் சொன்னார். ஒரு தலைமுறை மாணவர்கள் அப்படியே படித்தார்கள்.

1988இல் லெக், ரோலி-கான்வி என்ற இருவர் அதே எலும்புகளை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் கேட்ட கேள்வி எளிது. கொம்பு சாப்பாடா? அது கருவி செய்யும் கச்சாப் பொருள். மாதக்கணக்கில் வைத்திருக்கலாம், எங்கிருந்தும் எடுத்து வரலாம். அது கிடப்பதால் வேட்டை நடந்த மாதம் தெரியாது. தாடையைப் பார்க்க வேண்டும். நம் குழந்தைகளுக்கு ஆறு வயதில் பால்பல் விழுவது போல, மான் குட்டிகளுக்கும் இன்ன மாதத்தில் இன்ன பல் முளைக்கும். மான்கள் ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் குட்டி போடுபவை. எனவே பல் முளைத்திருக்கும் நிலையை வைத்து, குட்டி இறந்தபோது அதன் வயது என்ன, ஆகவே அது எந்த மாதம் என்று சொல்லிவிடலாம். ரோ மான் தாடைகள் சொன்ன பதில்: வசந்தத்தின் முடிவு, கோடையின் தொடக்கம். குளிர்காலக் குடியிருப்பு, கோடைக் குடியிருப்பாக மாறியது.

அதே எலும்புகள்தான். கேட்ட கேள்வி மாறியதும் பதில் மாறியது.

ஸ்டார் கார் இன்னொரு பாடத்தையும் தந்தது. ஏரிக்கரையில் வாழ்ந்தவர்கள் மீன் சாப்பிடவில்லையா என்று பல பத்தாண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். மீன் எலும்பே கிடைக்கவில்லை. 2015 வரை நடந்த புதிய அகழாய்வில் மண்ணை எடுத்துச் சென்று நுட்பமாகச் சலித்துப் பார்த்தபோது, மிகச் சிறிய மீன் எலும்புகள் அகப்பட்டன. நெத்திலி முள்ளைக் கரண்டியால் தேடினால் கிடைக்குமா? சல்லடை கண் சிறுத்தால்தான் கிடைக்கும்.

எலும்பு சொல்லாதவை

எலும்புக்கும் ஒரு பலவீனம் உண்டு. கறியை அது நினைவில் வைத்திருக்கும், காயையும் கிழங்கையும் மறந்துவிடும். உங்கள் வீட்டு சாம்பாருக்கு 1,000 ஆண்டுகள் கழித்துச் சாட்சி இருக்காது. சிக்கன் பிரியாணிக்கு இருக்கும். வெறும் எலும்பை மட்டும் பார்த்தால் ஆதிமனிதன் மூன்று வேளையும் கறி தின்றான் என்று தோன்றும்.

ஆனால் கொழுப்பில்லாத இறைச்சியை மட்டுமே தின்று மனிதனால் நெடுநாள் தாக்குப்பிடிக்க முடியாது. உடல், புரதத்தைக் கையாள ஓர் அளவு இருக்கிறது. காட்டு விலங்குகளின் உடலில் கொழுப்பு குறைவு. எனவே மாவுச்சத்தோ எண்ணெய்ச்சத்தோ வேறு எங்கிருந்தாவது வந்தே ஆகவேண்டும். இலங்கையின் பழங்காலக் குகைகளில் 'கெக்குன' என்ற கொட்டையின் கருகிய ஓடுகளும், காட்டு ஈரப்பலாவின் மிச்சங்களும் கிடைத்திருக்கின்றன. மரத்து நத்தை, ஓடை நத்தை ஆகியவற்றின் ஓடுகள் குவியல் குவியலாக இருக்கின்றன. குரங்கு வேட்டைக்கு வில்லெடுத்தவர்கள் எத்தனை பேரோ, கொட்டை உடைக்கவும் நத்தை பொறுக்கவும் பெண்களும் சிறுவர்களும் முதியவர்களும் எல்லோரும் கை கொடுத்திருப்பார்கள்.

இந்த இடைவெளியை நிரப்ப இன்னொரு வழியும் இருக்கிறது. தின்றவர்களின் பல்லையே கேட்பது. நாம் உண்பதன் வேதியியல் தடம் நம் பல் எனாமலில் பதிகிறது. அடர்ந்த காட்டின் நிழலில் வளர்ந்த தாவரங்களுக்கும், அவற்றைத் தின்ற விலங்குகளுக்கும் ஒரு தனி அடையாளம் உண்டு. பாட்ரிக் ராபர்ட்ஸ் குழுவினர் 2015இல் இலங்கையின் பல இடங்களிலிருந்து 26 பழங்கால மனிதர்களின் பற்களை இப்படிச் சோதித்தார்கள். சுமார் 20,000 ஆண்டுகள் முதல் 3,000 ஆண்டுகள் வரை பழைய பற்கள். அவர்களில் ஏறத்தாழ எல்லோருமே மழைக்காட்டு உணவை நம்பி வாழ்ந்தவர்கள். விவசாயம் அந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதற்கு வெகு காலம் முன்பே, பண்டமாற்றுக்கு விவசாயி யாருமே இல்லாத காலத்திலேயே, காடு அவர்களுக்குச் சோறு போட்டிருக்கிறது.

தட்டில் இருந்த எலும்பும் பல்லில் பதிந்த தடமும் ஒன்றையே சொன்னபோது, 'பச்சைப் பாலைவனம்' என்ற பேச்சு இலங்கையைப் பொறுத்தவரை எடுபடாமல் போனது.

எதை வேட்டையாடினார்கள், எதை விட்டார்கள்

பாகியன்கல எலும்புகளில் என்னை மிகவும் யோசிக்க வைத்த விஷயம் ஒன்று உண்டு. அங்கே கிடைத்த குரங்குகளில் பெரும்பாலானவை நன்கு வளர்ந்த, வயதுக்கு வந்தவை. குட்டிகளும் கிழங்களும் குறைவு.

சிறுத்தை போன்ற விலங்குகள் எளிதில் சிக்குவதைப் பிடிக்கும். குட்டி, நோயாளி, முதியது என்று பலவீனமானவை முதலில் போகும். இங்கே நடந்தது அதற்கு நேர்மாறு. வலுவான, பிடிக்கக் கடினமான விலங்கைக் குறிபார்த்திருக்கிறார்கள். அதில்தான் கறி அதிகம், எலும்பும் கருவி செய்யத் தக்க உறுதியோடு இருக்கும். குட்டிகள் தப்பியதால் கூட்டமும் பெருகியிருக்கும். இதைத் திட்டமிட்ட காடு பாதுகாப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் மனதில் என்ன இருந்தது என்று எலும்புக்குத் தெரியாது. ஆனால் எந்த மரத்தில் எந்தக் கூட்டம் எப்போது வரும், எதை அடித்தால் போதும் என்ற கூர்மையான அறிவு அவர்களுக்கு இருந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

விளைவு நம் கண்முன் இருக்கிறது. குகையில் மக்கள் விட்டு விட்டு வந்து தங்கினார்கள். கடைசி அடுக்குகள் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முந்தையவை. மேலடுக்குகளிலும் அதே குரங்கு, அதே அணில். 40,000 ஆண்டுகளுக்கு மேல் வேட்டையாடிய பிறகும் அந்த விலங்குகள் அழியவில்லை.

இன்றைய நிலை என்ன? இலங்கையின் ஊதாமுக மந்தியும் அங்கேயே மட்டும் வாழும் தொப்பிக் குரங்கும் அழியும் ஆபத்திலுள்ள விலங்குகளின் பட்டியலில் இருக்கின்றன. 40,000 ஆண்டு வில்லுக்குத் தாக்குப்பிடித்தவை, சில நூற்றாண்டுத் தோட்டங்களுக்கும் சாலைகளுக்கும் வீட்டுமனைகளுக்கும் தாக்குப்பிடிக்கவில்லை. அந்தக் குகைவாசிகள் தின்ற பெரிய அணில் இனம் நமக்கும் சொந்தம்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயம் 1988இல் அதற்காகவே அறிவிக்கப்பட்டது. அடுத்த முறை ஆண்டாள் கோயிலுக்குப் போகிறவர்கள் அந்த மலையடிவாரத்தையும் ஒரு முறை எட்டிப்பாருங்கள். நாய்க்குட்டி நீளத்துக்கு இருக்கும் அணில், மரத்துக்கு மரம் பாயும். அதை அம்பால் அடித்தவர்களின் குறியும் புரியும்.

நம் பக்கத்தில் ஏன் இத்தகைய எலும்புகள் இல்லை?

பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அங்கேதான் தொடங்கியது. சென்னைக்கு வடமேற்கே உள்ள அத்திரம்பாக்கத்தில் 15 லட்சம் ஆண்டுகள் பழமையான கல் கருவிகள் கிடைத்திருக்கின்றன. ஆயிரக்கணக்கில் கல். ஆனால் விலங்கு மிச்சம் என்று பார்த்தால், விரல்விட்டு எண்ணத்தக்க சில பற்கள்தான்.

காரணம் எளிது. திறந்த வெளியில் வெயிலும் மழையும் மாறி மாறி அடித்தால், நம் மண்ணில் எலும்பு நிற்பதில்லை. கல் எதையும் தாங்கும். அதனால்தான் மழை படாத குகைத் தரைகள் இவ்வளவு அருமையானவை. பாதுகாப்பும் எப்போதும் நிரந்தரம் இல்லை. 11,000 ஆண்டுகள் எலும்பைக் காத்த ஸ்டார் கார் சதுப்பு நிலம், விவசாயத்துக்காக நீரை வடித்த பிறகு அமிலமாக மாறியது. அண்மைய அகழாய்வில் கிடைத்த சில எலும்புகள் கையில் எடுத்தால் ஜெல்லி போல வளைந்தன. ஒரு தலைமுறைக்குள் ஒரு நூலகம் எரிந்தது போலத்தான் அது.

ஆகவே, எங்காவது மலைக் குகைக்குச் சுற்றுலா போனால், தரையைக் கிளறாதீர்கள். பிள்ளைகள் எலும்போ கல்லோ எடுத்தால், எடுத்த இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். இடம் மாறிய எலும்பு, உறையில்லாத கடிதம். யார் எழுதியது, எப்போது எழுதியது என்று தெரியாது.

விடுமுறையில் நேரம் கிடைத்தால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். ஃபூட் சேகரித்த தொல்பொருள்கள் அங்கே சேர்க்கப்பட்டவைதான். கல் கருவிகளைக் காட்டி, "இதை வைத்து என்ன சாப்பிட்டிருப்பார்கள்?" என்று கேளுங்கள். "டைனோசர்" என்று பதில் வந்தால் சிரித்துவிட்டு, இலங்கைக் குகையின் குரங்குக் கதையைச் சொல்லுங்கள். எங்கேயும் ஈட்டியோடு யானையைத் துரத்தும் ஒரே ஆதிமனிதன் இருந்ததில்லை. புல்வெளியில் ஒருவன், ஏரிக்கரையில் ஒருவன், மழைக்காட்டில் ஒருவன் என்று, தான் நின்ற இடத்தை நன்றாகப் படித்து, அங்கே கிடைத்ததைச் சமைத்துப் பிழைத்தவர்களின் பிள்ளைகள்தான் நாம் எல்லோரும்.

அதை நமக்குச் சொன்னது எந்தக் கல்வெட்டும் இல்லை. சாப்பிட்டுவிட்டு அடுப்போரம் எறிந்த எலும்புதான்.